மோட்டர் தண்ணி குடிக்கேல்லை

கையை எடும் தம்பி. தட்டிப் பாத்து வாங்கிறதுக்கு இது வத்தகப்பழம் இல்லை. அலுமினிய வள்ளம். பதினாலு அடி. உடம்பில ஒரு ரிவெட் கழரேல்லை. போன மாசம் ஒரு வெள்ளைக்காரன் வந்து இப்பிடித்தான் விரலை மடக்கித் தட்டிப்போட்டுத் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டுறாய், உள்ளுக்க இருந்து ஆரும் கதைச்சவையோ எண்டு கேட்டன். அதோட போயிட்டான். வாங்க வந்தவன் இல்லை அவன். லீவு நாளில பொழுது போக்க வந்தவன்.

நீர் வாங்க வந்தனீரோ, பாக்க வந்தனீரோ? முதல் அதைச் சொல்லும். ஏனெண்டால் இது இந்த டிரைவ்வேயை விட்டுப் போனால்தான் என்ர மனிசி வீட்டுக்கு வருவா. அப்பிடித்தான் சொல்லிப்போட்டுத் தம்பிக்காரன் வீட்டில போய் இருக்கிறா. வைகாசியில போனவ. இப்ப பாரும், மரத்தில இலை நிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமையில ரெலிபோன் அடிப்பா. ஒரு கேள்விதான். "வள்ளம் போயிட்டுதோ?" இல்லை எண்டுவன். "சரி" எண்டு வைச்சிடுவா. என்ன சாப்பிட்டனீங்கள் எண்டுகூட ஒரு சொல் இல்லை.

அவ வரோணும் எண்டதுக்காக நான் கண்டவனுக்கும் தூக்கிக் குடுக்க ஏலுமோ? சொல்லும் பாப்பம். ஒரு கணக்காளர் வந்தார், எங்கட ஆள்தான், நல்ல சப்பாத்து, நல்ல கண்ணாடி. வந்து, கோப்பி கப் வைக்க இடம் எங்க இருக்கு எண்டு கேட்டார். மடியில வைச்சுக்கொண்டு வீட்டிலயே இரும் எண்டு சொன்னன். பேந்து ரண்டு பெடியள் வந்தாங்கள். அதில ஒருத்தன் வள்ளத்துக்கு முன்னால நிண்டு தன்னைத்தானே படம் எடுக்கிறான். அனுப்பிப்போட்டன். சனம் முழுக்க இப்பிடித்தான் கிடக்கு. மனிசிக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது. நான் வேணுமெண்டு விக்காமல் வைச்சிருக்கிறன் எண்டு நினைக்கிறா.

நான் விக்கத் தெரியாதவன் இல்லை தம்பி. பக்டரி வேலையை விட்ட நாளில இருந்து இதுதான் தொழில். இலையுதிர் காலத்தில சனம் பழைய வள்ளங்களைக் கழிச்சுவிடும். நெளிஞ்சது, ஓட்டை விழுந்தது, மோட்டர் செத்தது எல்லாத்தையும் வாங்கி, மாரி முழுக்க கராஜுக்குள்ள இருந்து தட்டி நிமித்தி, கோடைக்கு விக்கிறது. ஒரு காலத்தில இதில நாலு நிண்டது. மனிசி சறோவின்ர கார் றோட்டில நிக்கும். றோட்டில நிண்டதுக்கு அபராதத் துண்டு எழுதிப்போட்டுப் போவாங்கள். அதுக்கு ஒரு சண்டை. கார் ஆரும் வைச்சிருக்கலாம், வள்ளம் வைச்சிருக்க ஒரு யோகம் வேணும் எண்டு சொல்லுவன். சிரிப்பா. அப்பவெல்லாம் சிரிப்பா.

உம்மட ஊர் எவடம்? உரும்பிராயோ. ம். என்ர மனிசியும் உங்காலதான், கோண்டாவில். தோட்டக்காணி ஆக்கள். உங்கட ஆக்களுக்குக் கிணத்துத் தண்ணி மட்டும்தான் தெரியும். கோவிக்காதேயும், உள்ளதைச் சொல்லுறன். நான் மயிலிட்டி. எங்களுக்கு வீட்டுப் படலையைத் திறந்தால் கடல்.

சரி, பின்பக்கம் வாரும், காட்டுறன். இதில கார் மாதிரி ஸ்ரியறிங் வளையம் கிடையாது. மோட்டருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு இந்தக் கைபிடியைப் பிடிக்கிறது. முறுக்கினால் வேகம். இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் போகும், வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். இவ்வளவுதான் விசயம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். என்ர மச்சானுக்கு விளங்கேல்லை.

ஓம், இந்த வள்ளம்தான். அவனுக்குத்தான் குடுக்க இருந்தனான். நித்தி எண்டு பேர். நித்தியானந்தன். சறோவின்ர ஒரே தம்பி. அவவின்ர வீட்டில இருந்து எங்கட கலியாணத்துக்கு ஒரு குருவி வரேல்லை தெரியுமோ. கரையாக்களுக்குப் பொம்பிளை குடுக்கிறதோ எண்டு தகப்பன் கதவைச் சாத்திப்போட்டார். இந்த நித்தி மட்டும் வந்தவன். அப்ப மீசை முளைக்காத பெடியன். வீட்டுக்குத் தெரியாமல் அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்தவன். வந்தென்ன, ரண்டு லட்டுத் திண்டுபோட்டுப் போனவன். வீட்டில தகப்பனிட்ட அடியும் வாங்கினவனாம். அதை ஒரு பெரிய உபகாரமெண்டு நான் தலையில தூக்கி வைச்சுக்கொண்டு திரிய ஏலுமோ?

அவன்தான் கேட்டவன். "அத்தான், எனக்கும் ஒண்டு தாங்கோ. சனிக்கிழமையில நாங்கள் ரண்டு பேரும் சேந்து லேக்குக்குப் போவம்" எண்டு. மீன் பிடிக்கிற ஆசையெண்டில்லை அவனுக்கு, மீனை உயிரோட கண்டால் கையை இழுத்துக்கொள்ளுற ஆள். என்னோட இருந்து கதைக்கோணுமாம். சரி, வாறவனை வேண்டாமெண்டோ சொல்லுறது, தாறன் எண்டன்.

பேந்து சறோ துவங்கினா. தம்பிக்குச் செய்யிறது, நல்ல நேரம் பாத்துத்தான் தண்ணியில இறக்கோணும், தேங்காய் உடைச்சுக் கற்பூரம் காட்டோணும் எண்டு. சரி. கோயில் கலண்டரைப் பாத்தா. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இராகுகாலம். அதுக்கு முன்னம் வள்ளம் தண்ணி தொடோணும். நான் சொன்னன், இஞ்ச கோடையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள், அப்ப உண்மையான இராகுகாலம் பத்துக்குத்தான், வெள்ளைக்காரன் மணிக்கூட்டைத் திருப்பினதுக்கு இராகு என்ன செய்யும் எண்டு. கேக்கமாட்டா. கலண்டரில போட்டது போட்டதுதான் எண்டு ஒரே பிடி.

வெளிக்கிட்டது வேளைக்குத்தான். வழியில பெற்றோல் அடிக்க நிப்பாட்டினன். அங்க ஒரு ஆள் வந்து, வடிவான வள்ளம், வெல்டிங் பிடிச்சதோ எண்டு கேட்டான். ரிவெட் அடிச்ச வள்ளத்தைப் பாத்து வெல்டிங் எண்டுறான். சொல்லிக் குடுக்காமல் வர ஏலுமோ? சறோ காருக்குள்ள இருந்து ஹோர்ன் அடிக்கிறா. நான் அவனுக்கு ஒழுங்காச் சொல்லி விளங்கப்படுத்திப்போட்டுத்தான் வந்தன். அதால லேக்குக்குப் போய்ச் சேர நேரம் முட்டிட்டுது. அதுக்கும் என்னைத்தான் சொன்னா. என்ர குற்றமோ, விளங்காதவன்ர குற்றமோ?

லேக்கடியில நித்தி எங்களுக்கு முன்னமே வந்து நிக்கிறான். வேட்டி, சால்வை. வள்ளம் ஓட்ட வேட்டியோட வந்த முதல் ஆள் அவன்தான். சறோ பட்டுச்சீலை. முதல் ஓட்டத்துக்குத் தான் முன்னால இருக்கோணுமாம், மங்களமாம். தட்டத்தில பூ, வாழைப்பழம், உடைச்ச தேங்காய் எல்லாம் வைச்சுக்கொண்டு ஏறி இருந்தா. லைஃப் ஜக்கற் போட்டால் சீலை கசங்குமெண்டு அதையும் மடியிலதான் வைச்சிருந்தா. நித்தி மோட்டரடியில. நான் கரையில நிண்டு ரெயிலரில இருந்து தள்ளி விடுறன்.

இஞ்ச குனிஞ்சு பாரும். பின்பக்கம் அடியில இந்த ஓட்டை தெரியுதோ? இது மழைத்தண்ணி வடியிறதுக்கு. ரெயிலரில நிக்கேக்க திறந்து விடுறது. தண்ணியில இறக்கேக்க இந்தத் தக்கையை வைச்சு முறுக்கி அடைக்கிறது. கனபேர் இதை வள்ளத்துக்குள்ளயே எங்கயும் எறிஞ்சு வைப்பாங்கள். துலைஞ்சு போம். நான் அப்பிடி இல்லை. எப்பவும் என்ர பொக்கற்றில. அண்டைக்கும் பத்திரமா என்ர பொக்கற்றிலதான் இருந்தது.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? அப்ப ஓட்டை அடைக்கேல்லையோ எண்டோ? எப்பிடித் தம்பி அடைக்கிறது, நேரம் போட்டுது, நேரம் போட்டுது, இராகுகாலம் வரப்போகுது எண்டு ஒரு மனிசி காதுக்குள்ள நிண்டு கத்தினால்? நான் தக்கையை மறக்கேல்லை. தக்கை என்னோட இருந்தது. என்னைத்தான் மறக்கப் பண்ணினவை.

சரி, போகுது வள்ளம். வடிவாத்தான் போகுது. நித்தி என்னைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுக் கை காட்டுறான். கொஞ்சத் தூரம் போனவுடன சறோ குனிஞ்சு பாக்கிறா. காலடியில வாழைப்பழம் மிதக்குது.

எனக்குக் கரையில நிண்டபடியே விளங்கிட்டுது. இதுக்கு ஒரு வழி இருக்கு தம்பி, தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும். வள்ளம் நல்ல வேகமா ஓடினால் அந்த ஓட்டையாலயே தண்ணி பின்னுக்கு இழுபட்டு வெளிய போயிடும். ஓடிக்கொண்டே ஒரு வளைவு வளைஞ்சு கரைக்கு வந்து ஏத்தினால் முடிஞ்சுது. அதைத்தான் நான் கத்தினன். "விடு நித்தி, விடு, விடு." எங்கட பக்கத்தில வள்ளம் விடுறது எண்டால் ஓட்டுறது. விடு எண்டால் முறுக்கு, கெதியா ஓட்டு. இதைவிடச் சுருக்கமா என்னெண்டு சொல்லுறது?

அவன் என்ன செய்தவன் தெரியுமோ? கையை விட்டான். கைபிடியை விட்டுப்போட்டு எழும்பி நிக்கிறான். நான் இன்னும் பலமாக் கத்துறன், விடு எண்டு. அவன் ரண்டு கையையும் தூக்கிக் காட்டுறான், விட்டிட்டன் அத்தான் எண்டு.

கைபிடியை விட்டால் மோட்டர் தன்பாட்டில ஒரு பக்கம் திரும்பும். வள்ளம் அப்பிடியே ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு கரைக்கு வந்து, அங்க பலகையால கட்டின துறையில போய் இடிச்சுது. நிண்டவன் துறைக் கட்டையில தோள்பட விழுந்தான். காறை எலும்பு முறிஞ்சுது. சறோ தட்டத்தோட தண்ணிக்குள்ள. தமிழ்தானே கதைச்சனான் நான்? சீனமோ கதைச்சனான்?

நான் பாத்துக்கொண்டு நிக்கேல்லை. சப்பாத்தும் கழட்டேல்லை, அப்பிடியே பாய்ஞ்சன். பின்பக்கம் தாழுது. முழுசாத் தாழாது இது, இருக்கையளுக்குக் கீழ நுரை அடைச்சிருக்கு, நீர் பயப்பிடத் தேவையில்லை. ஆனால் மோட்டர் தாழும். மோட்டருக்குள்ள தண்ணி போனால் அது கதை முடிஞ்ச மாதிரி. நான் போய் மோட்டரைச் சாய்ச்சுத் தூக்கி, என்ர தோளில தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அசையேல்லை. அங்க மீன் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஒரு சீனாக் குடும்பம் தண்ணிக்க இறங்கி ஓடிவந்து, அவைதான் சறோவையும் நித்தியையும் கரைக்கு இழுத்து விட்டவை. நல்ல சனம்.

மோட்டர் தண்ணி குடிக்கேல்லை. ஒரு சொட்டு இல்லை. இப்ப இந்தக் கயித்தை இழுத்துப் பாரும், ஒரே இழுவையில பிடிக்கும். இந்த வயசில, அந்தக் குளிர்த் தண்ணிக்க, ஆரும் அப்பிடிப் பிடிச்சிருப்பாங்களோ? ஒருத்தர் வாய் திறந்து சொல்லேல்லை. நித்தி கரையில கிடந்து முனகிறான். சறோ அந்தச் சீன மனிசி குடுத்த துவாயைப் போத்திக்கொண்டு, நனைஞ்ச சீலையோட நடுங்கிக்கொண்டு என்னையே பாக்கிறா. நான் சொன்னன், பயப்பிடாதையும் சறோ, மோட்டர் தப்பிட்டுது எண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சொன்னா, "நீங்கள் என்ர பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்லை."

பொய் தம்பி. நான் பாத்தனான். தண்ணி அவவுக்கு நெஞ்சளவுதான். நிக்கிறா எண்டு கண்டனான். நிக்கிற ஆளை ஏன் போய்ப் பிடிப்பான்? மோட்டர் தானா நிக்குமோ? இதை எத்தினை தரம் விளங்கப்படுத்தினன் எண்டு கேளும். ஒவ்வொரு தரமும் அவ கேக்கிறது அதே கேள்விதான். "எனக்கு நீந்தத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" தெரியும். முப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்தினவனுக்குத் தெரியாதோ? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நித்தியைப் பாக்கிறதுக்கெண்டு அண்டைக்கு அங்க நிண்டவதான். ஒரு கிழமை எண்டா. பேந்து, ஒருக்கால் வந்து அவனைப் பாருங்கோ, ஒரு சொல்லுக் கதையுங்கோ எண்டா. நான் ஏன் போவான்? என்ர வள்ளத்தின்ர மூக்கை நெளிச்சவன் அவன். அவனெல்லோ வரோணும். அவன் ஆளிட்டச் சொல்லி விட்டவன், அத்தான் கோவிக்கவேண்டாமாம், அத்தான் சொன்னதைத் தான்தான் பிழையா விளங்கிட்டனாம். பாத்தீரோ? தன்ர வாயாலயே ஒத்துக்கொண்டிட்டான். அதைச் சொன்னதுக்கு அவ இன்னும் கோவிச்சுக்கொண்டா. "அந்தச் சாமான் அந்த வாசலில நிக்குமட்டும் நான் படி ஏறமாட்டன்" எண்டா. நிண்டால் நிக்கட்டும் எண்டு நானும் சொல்லிப்போட்டன்.

மிச்சம் மூண்டையும் கோடையில வித்துப்போட்டன். இது மட்டும்தான் நிக்குது. மூக்கை நிமித்தி, திரும்பப் பெயின்ற் அடிச்சிருக்கிறன், இடிச்ச இடம் எதெண்டு நீர் கண்டுபிடியும் பாப்பம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பாண் இருக்கு, பருப்பு இருக்கு, ரின்மீன் இருக்கு. காலமை தேத்தண்ணி ரண்டு கோப்பை ஊத்திப்போட்டு மற்றதைக் கழுவித் துடைச்சுக் கவிழ்க்கிறன், அது கைப்பழக்கம். வேற ஒண்டும் இல்லை.

என்ன இது? காசோ? கொஞ்சம் பொறும். நான் இன்னும் விலையே கதைக்கேல்லையே. போட்ட விலைக்கே எடுக்கிறீரோ? குறைச்சுக் கேக்கேல்லை? எங்கட ஆக்கள் கோயில் அர்ச்சனைத் துண்டுக்கே விலை குறைச்சுக் கேப்பினம். நீர் மோட்டரைத் திறந்து பாக்கேல்லை, கயிறு இழுத்துப் பாக்கேல்லை. மீன் பிடிக்கிறனீரோ? இல்லை? அப்ப என்னத்துக்கு? உம்மட காரில ரெயிலர் கொழுவிற கொளுக்கிகூட இல்லையே. என்னெண்டு கொண்டுபோகப் போறீர், தோளிலயோ?

ஆர் உம்மை அனுப்பினது?

இல்லை, நீர் சும்மா வந்த ஆள் இல்லை. இப்ப என்ன சொன்னனீர்? திரும்பச் சொல்லும். "அது பொருந்திட்டுது அண்ணை, இப்ப கையைத் தூக்கிறார்" எண்டோ? எலும்பு முறிஞ்சது எண்டுதான் நான் சொன்னனான். பொருந்தினது உமக்கு என்னெண்டு தெரியும்? நான் ஐஞ்சு மாசமா அந்தப் பக்கம் போகேல்லை, எனக்கே தெரியாது.

ஓ. நித்தியோட வேலை செய்யிறனியோ. நல்லது. நல்லாயிருக்கு. நான் ஒரு விசரன், இவ்வளவு நேரமும் இருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறன். தமக்கையும் தம்பியும் இருந்து போட்ட திட்டம். காசு ஆற்ற? நித்தியின்ரயோ? என்னைப் பாத்துச் சொல்லு.

சறோவின்ரயோ.

சீட்டு எடுத்தவவோ. அவ அந்தச் சீட்டு எதுக்குப் போட்டவ எண்டு உனக்குத் தெரியுமோ? ஊருக்குப் போய்த் தாயின்ர திவசம் செய்யவெண்டு போட்டது. இந்தக் காசை என்னட்டயே குடுத்து, என்ர வள்ளத்தையே என்னட்ட இருந்து வாங்கி, பேந்து என்னட்டயே திரும்பி வரப்போறாவாம். உலகத்தில ஆரும் இப்பிடி ஒரு யாவாரம் செய்திருப்பினமோ? ஒரு சொல்லு, நேர வந்து, குடுத்துப்போடுங்கோ எண்டு கேட்டிருந்தால் நான் சும்மா குடுத்திருப்பன்.

கேட்டவதான். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டவதான். அதை நீ எனக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்க கொண்டுபோகச் சொன்னவை இதை? பழைய இரும்புக்குப் போடவோ? என்ன, நித்தி தன்ர வீட்டுப் பின்பக்கம் வைச்சிருக்கப் போறானாமோ? என்னத்துக்கு அவனுக்கு? ...சனிக்கிழமையில அத்தானோட போகவோ. கை பொருந்தினவுடன புத்தி கழண்டிட்டுது அவனுக்கு.

காசை உன்ர பொக்கற்றுக்குள்ள வை. வை எண்டு சொன்னன். அவ மெலிஞ்சிட்டாவோ? கால் நோவுக்கு மருந்து எடுக்கிறவவோ? சரி, சரி, சும்மா கேட்டனான், உதைப் போய்ச் சொல்லிக்கொண்டிராதை.

நான் சொல்லுறதை மட்டும் போய்ச் சொல்லு. வள்ளம் வித்தாச்சு எண்டு சொல்லு. ஆனால் விலை ஏறிட்டுது. அவர் போட்ட விலையில நிக்கமாட்டாராம், கூடக் கேக்கிறார் எண்டு சொல்லு. எவ்வளவு எண்டு கேட்டால் உனக்குத் தெரியாது. அது அவவோடதான் கதைப்பன். காசு முழுக்க அவவே கொண்டுவந்து என்ர கையில தரட்டும். வேற ஆற்ற கையிலயும் நான் வாங்கமாட்டன்.